பெட்ரோல் வரிக்கு ஒரு பூட்டு, ரயிலுக்கு ஒரு தேர்தல்

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, வாசிப்பதற்காகச் சற்றே சுருக்கியது.)

போன எபிசோடுல டோல்கேட் கட்டணம் பற்றிப் பேசினோம். அதைக் கேட்டுட்டு கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு நேயர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "சார், பெட்ரோல் போடுறவங்க கட்டுற வரி ரோட்டுக்குத்தானே போகணும்? அதை எடுத்து ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் கொடுக்கிறது எப்படி நியாயம்?" அப்படின்னு கேட்டிருந்தார்.

இதே கேள்வியை நூறு வருஷமா திரும்பத் திரும்பக் கேட்டு, ஓட்டுப் போட்டு, கோர்ட்டு வரைக்கும் போய்ச் சண்டை போட்ட நாடு அமெரிக்கா. நான் இருக்கிறது கலிஃபோர்னியாவில், சான் டியாகோவில். அதனால இன்னைக்கு அமெரிக்க மேற்குக் கரையில ரெண்டு ஊரை வச்சுப் பேசப் போறேன். தெற்குக் கோடியில சான் டியாகோ, வடக்குக் கோடியில சியாட்டில். சான் டியாகோவில் லைட் ரயில், அதாவது டிராமுக்கும் மெட்ரோவுக்கும் நடுவில் இருக்கிற நகர ரயில், 1981-லேயே ஓட ஆரம்பிச்சது. சியாட்டிலில் அது ஓடுறதுக்கு 2009 ஆயிடுச்சு. இருபத்தெட்டு வருஷ வித்தியாசம்.

சியாட்டில்காரங்களுக்கு ரயில் பிடிக்காதா? அப்படி இல்லை. 1968-லேயே ஓட்டுப் போட்டவங்கள்ல பாதிக்கு மேல ரயில் வேணும்னுதான் சொன்னாங்க. பணம் இல்லாத ஊரா? அதுவும் இல்லை, போயிங் விமானம் செய்த ஊர். வித்தியாசத்துக்குப் பல காரணம் சொல்லலாம். ஆனா பெரும்பாலான பேர் பேசாத ஒரு காரணம் இருக்கு. அந்த மாநிலத்துல பெட்ரோல் வரிப் பணப்பெட்டிக்கு ஒரு பூட்டு இருந்தது.

பூட்டுன்னு நான் எதைச் சொல்றேன்னு முதல்ல தெளிவுபடுத்திடுறேன். அரசாங்கத்துக்கு வர்ற வரிப் பணம் பொதுவா ஒரே கஜானாவில் விழும். அதுலேர்ந்து பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சம்பளம், ரோடு எல்லாத்துக்கும் எடுத்துப்பாங்க. சில வரிக்கு மட்டும் தனி உண்டியல் வச்சு, "இந்தப் பணம் இந்த வேலைக்கு மட்டும்தான்"னு சட்டம் போட்டுடுவாங்க. அதுதான் பூட்டு.

நம்ம ஊர் உதாரணம் சொன்னா சுலபமா புரியும். 2021 தொடக்கத்துல ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய அரசு வாங்கின வரி 32 ரூபாய் 90 பைசா. அதுல 18 ரூபாய் சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ். அது தனி நிதிக்குப் போகுது. மாநிலங்களோட பங்கு போட்டுக்க வேண்டிய அடிப்படை கலால் வரி எவ்வளவு தெரியுமா? 1 ரூபாய் 40 பைசா. மற்றதெல்லாம் செஸ்ஸும் கூடுதல் வரியும்தான். மாநில அரசு தனியா போடுற வாட் வரி மட்டும் பூட்டு இல்லாம மாநிலப் பொதுக் கஜானாவுக்கு வருது. அதே 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைச்சப்போ, வருஷத்துக்கு 1,160 கோடி இழப்புன்னு பட்ஜெட்லேயே சொன்னாங்க. அந்தச் சமயத்துலதான் 63,246 கோடி ரூபாய் மதிப்புள்ள சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தை மாநில அரசு தன் பணத்திலும் கடனிலும் இழுத்துக்கிட்டிருந்தது. மத்திய அமைச்சரவை ஒப்புதல் 2024 அக்டோபர்லதான் வந்தது. ஆக, வரியை யார் வாங்குறாங்க, எந்த உண்டியல்ல போடுறாங்கங்கிறது, எந்த ஊர்ல என்ன கட்ட முடியும்ங்கிறதைத் தொடுது. இதை மனசுல வச்சுக்கிட்டு அமெரிக்காவுக்கு வாங்க.

அமெரிக்காவுல முதல்ல பெட்ரோல் வரி போட்ட மாநிலம் ஆரிகன். 1919-ல, கேலனுக்கு ஒரு சென்ட். பத்தே வருஷத்துல எல்லா மாநிலமும் போட்டுடுச்சு. மத்திய அரசு 1932-லதான் வந்தது, அதுவும் ஒரு சென்ட். அந்த மத்திய வரி ரோட்டுக்காகப் போட்டதே இல்லைங்கிறதைக் கவனிக்கணும். பெருமந்தக் காலத்துல பட்ஜெட்ல விழுந்த துண்டை அடைக்கப் போட்ட வரி அது. இருபத்து நாலு வருஷம் பொதுக் கஜானாவுக்குத்தான் போச்சு. "பெட்ரோல் வரின்னாலே ரோட்டு வரி"ங்கிற எண்ணம் இயற்கையா வந்தது இல்லை. அது பின்னாடி உருவாக்கினது.

உருவாக்கினதுல ஒரு பெரிய அடி 1934-ல விழுந்தது. ஹேடன்-கார்ட்ரைட் சட்டம்னு ஒண்ணு. எந்த மாநிலம் பெட்ரோல் வரியை ரோடு தவிர வேற செலவுக்குத் திருப்புதோ, அந்த மாநிலத்துக்கு மத்திய சாலை மானியத்துல மூணுல ஒரு பங்கு வரைக்கும் வெட்டலாம்னு அது சொன்னது. பஞ்சகாலத்துல மாநிலங்கள் அந்த வரியை நிவாரணத்துக்கும் பள்ளிக்கும் எடுத்துக்கிட்டிருந்தன, அதைத் தடுக்கத்தான். அதுக்கப்புறம் மாநிலம் மாநிலமா அரசியலமைப்புச் சட்டத்துலேயே பூட்டைப் போட ஆரம்பிச்சாங்க. கலிஃபோர்னியா 1938-ல, வாஷிங்டன் மாநிலம் 1944-ல. சியாட்டில் இருக்கிறது அந்த வாஷிங்டன் மாநிலத்துல, தலைநகர் வாஷிங்டனோட குழப்பிக்காதீங்க.

அப்புறம் 1956. இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைத் திட்டம். மத்திய பெட்ரோல் வரியை மூணு சென்ட்டா உயர்த்தி, நெடுஞ்சாலை அறக்கட்டளை நிதின்னு ஒரு உண்டியல் வச்சு அதுல போட்டாங்க. செலவுல 90 சதவீதம் மத்திய அரசு, 10 சதவீதம் மாநிலம்.

இப்ப நீங்க அந்தக் காலத்து மேயர்னு வச்சுக்கோங்க. உங்க ஊர்ல டிராபிக் நெரிசல். ரெண்டு வழி இருக்கு. ஊருக்குள்ள எக்ஸ்பிரஸ் சாலை போட்டா, நூறு ரூபாய் வேலைக்கு தொண்ணூறு ரூபாய் மேலேர்ந்து வருது, மீதி பத்தை மாநிலம் தருது, உங்க மாநகராட்சி கையைவிட்டு ஏறக்குறைய ஒண்ணும் போகாது. ரயில் பாதை போட்டா, நூறையும் உங்க ஊர் மக்கள்கிட்ட சொத்து வரியா வாங்கணும். நீங்க எதைக் கேட்பீங்க? ரயில் மேல உயிரா இருக்கிற மேயர்கூட ரோட்டைத்தான் கேட்பார். "அந்தக் காலத்து அமெரிக்க நகரங்களுக்கு ரயில் பிடிக்கலை"ன்னு பொதுவா சொல்லுவாங்க. அதுல பாதி விருப்பம்னா பாதி கணக்கு. ஓசியில கிடைக்கிறதையும் காசு கொடுத்து வாங்குறதையும் பக்கத்துல பக்கத்துல வச்சா ஜனங்க எதை எடுப்பாங்கன்னு தனியா ஆராய்ச்சி வேண்டியதில்லை.

1964-ல நகரப் போக்குவரத்துக்குன்னு மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. கட்டுமானத்துல மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் தர்றோம்னாங்க. ஆனா மூணு வருஷத்துக்கு மொத்த நாட்டுக்கும் ஒதுக்கினது 37.5 கோடி டாலர், அதுவும் பெட்ரோல் உண்டியல்லேர்ந்து இல்லை, பொதுக் கஜானாவுலேர்ந்து. வருஷா வருஷம் கையேந்தணும். ரோட்டுப் பணம் தானா குழாயில வருது, ரயில் பணம் குடத்தோட வரிசையில நிக்குது.

சரி, இப்ப எங்க ஊர் கதை. இதை நான் கொஞ்சம் நிதானமா சொல்லுவேன், பொறுத்துக்கோங்க.

சான் டியாகோவிலேர்ந்து மாநில மேல்சபைக்குப் போனவர் ஜேம்ஸ் மில்ஸ். அந்தச் சபையோட தலைமைப் பொறுப்புல இருந்தவர், சரித்திரத்துல ஆர்வம் உள்ளவர், ரயில் பைத்தியம். அவரும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து 1971-ல ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க. அதுவரைக்கும் கலிஃபோர்னியாவுல பெட்ரோலுக்கு மாநில விற்பனை வரி கிடையாது, கேலனுக்கு இவ்வளவுன்னு எரிபொருள் வரி மட்டும்தான். எரிபொருள் வரிமேல பூட்டு இருக்கு, தொட முடியாது. அதனால இவங்க என்ன பண்ணினாங்கன்னா, பொது விற்பனை வரியைப் பெட்ரோலுக்கும் விரிச்சாங்க. அப்படி வந்த இடத்துல, விற்பனை வரியிலேர்ந்து டாலருக்குக் கால் சென்ட் வீதம் ஒவ்வொரு கவுன்ட்டிக்கும், அதாவது மாவட்டத்துக்கும், பொதுப் போக்குவரத்துக்காகத் திருப்பிக் கொடுத்தாங்க. பூட்டை உடைக்கலை, பக்கத்துச் சுவர்ல ஒரு ஜன்னல் வச்சாங்க.

பூட்டைத் திறக்கவும் முயற்சி நடந்தது. 1970-ல அரசியலமைப்பைத் திருத்த மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு. பெட்ரோல் வரியில ஒரு பகுதியைப் பொதுப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தலாமான்னு கேட்டாங்க. எண்ணெய் நிறுவனங்களும் சாலை ஒப்பந்தக்காரர்களும் எதிர்ப்பிரசாரத்துக்குப் பணம் கொட்டினாங்க. தோத்துப் போச்சு. நாலு வருஷம் கழிச்சு, 1974 ஜூன்ல மறுபடி கேட்டாங்க. நடுவுல என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா? 1973 அரபு எண்ணெய்த் தடை. பங்க் வாசல்ல மணிக்கணக்கா கார் வரிசை. இந்தத் தடவை ஜெயிச்சது.

ஆனா முழுசா திறக்கலை. பெட்ரோல் வரிப் பணத்துல ரயிலுக்குன்னு தனிப் பாதை போடலாம். அதுக்கும் அந்தந்தப் பகுதி மக்கள் ஓட்டுப் போட்டு ஒத்துக்கணும். ரயில் பெட்டி வாங்கக் கூடாது, ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது. தண்டவாளம் போடலாம், வண்டி வாங்க முடியாது! விநோதமா இருக்கா? பூட்டை வச்சவங்க மனசு அதுல தெரியுது: பாதைன்னா ரோடு மாதிரி, அதனால பரவாயில்லை, வண்டி உன் பாடு.

மில்ஸ் இதோட நிக்கலை. 1975-ல சான் டியாகோவுக்குன்னு ஒரு போக்குவரத்து வளர்ச்சி வாரியம் அமைக்கச் சட்டம் கொண்டு வந்தார். இந்த வாரியத்துக்கு ரெண்டு பணமும் கைக்கு எட்டுற தூரத்துல இருந்தது: பாதைக்குப் பெட்ரோல் வரி, மத்ததுக்கு விற்பனை வரிக் கால் சென்ட். அதே சமயம், ஆடம்பரம் கூடாது, செலவு குறைவா இருக்கணும், கொஞ்சம் கொஞ்சமா கட்டிக்கிட்டே போகிற மாதிரி இருக்கணும்னு அவங்களுக்கு வரையறையும் இருந்தது.

இந்த நேரத்துல ஒரு புயல் உதவிச்சு. 1976 செப்டம்பர்ல காத்லீன்னு ஒரு வெப்பமண்டலப் புயல். அது சான் டியாகோவுக்குக் கிழக்கே பாலைவனத்துல போற பழைய சரக்கு ரயில் பாதையை அடிச்சுட்டுப் போயிடுச்சு. பாதைக்குச் சொந்தக்காரங்களான சதர்ன் பசிபிக் கம்பெனி, இனி இதைச் செப்பனிட்டு லாபமில்லை, மூடிடுறோம்னாங்க. அந்தப் பாதையோட இன்னொரு முனை எங்க போகுதுன்னா, நகர மையத்துலேர்ந்து தெற்கே மெக்சிகோ எல்லை வரைக்கும். தினமும் ஆயிரக்கணக்கான பேர் கடக்கிற எல்லை. புது நிலம் எடுக்க வேண்டியதில்லை, வீடு இடிக்க வேண்டியதில்லை. 1979-ல வாரியம் அந்த ரயில் பாதையை 1.81 கோடி டாலருக்கு வாங்கிடுச்சு.

ரெண்டே வருஷம். 1981 ஜூலையில சிவப்பு நிற டிராலி ஓட ஆரம்பிச்சது. நகர மையத்துலேர்ந்து எல்லை வரைக்கும் சுமார் 16 மைல். மொத்தச் செலவு சுமார் 8.6 கோடி டாலர். மத்திய அரசுகிட்டேர்ந்து ஒரு காசு வாங்கலை, அதனால அங்க வரிசையில நின்னு காலத்தைக் கழிக்க வேண்டியும் வரலை. ஃபிராங்ஃபர்ட் நகரத்துல ஓடிக்கிட்டிருந்த அதே மாதிரி ஜெர்மன் வண்டியை வாங்கினாங்க, புதுசா ஒண்ணும் வடிவமைக்கலை. ஸ்டேஷன்ல கேட் கிடையாது, டிக்கெட்டை நடுவுல வந்து பரிசோதிப்பாங்க. ராத்திரியில அதே தண்டவாளத்துல சரக்கு ரயில். எல்லாத்துலயும் சிக்கனம்தான். நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல அந்த வண்டியிலதான் எல்லை வரைக்கும் போய்ப் பார்த்தேன். காலையில மெக்சிகோ பக்கத்துலேர்ந்து வேலைக்கு வர்றவங்க கூட்டத்தைப் பார்த்தா நம்ம செங்கல்பட்டு லோக்கல் ஞாபகம் வரும். பன்னிரண்டாவது தெரு நிலையத்துக்கு மேல ஒரு மணிக்கூண்டுக் கட்டடம் நிக்குது, அதுக்கு மில்ஸ் பேரைத்தான் வச்சிருக்காங்க.

இப்ப வடக்கே போவோம். சியாட்டில்.

1968 பிப்ரவரியில சியாட்டிலும் அதைச் சுத்தின கிங் கவுன்ட்டியும் ஒரு பெரிய வாக்கெடுப்பு நடத்தினாங்க. ஃபார்வர்ட் த்ரஸ்ட்னு பேரு. பூங்கா, விளையாட்டு அரங்கம், சாலை, ரயில் எல்லாம் தனித்தனித் தீர்மானமா. நகர ரயிலுக்குச் செலவுல பெரும்பகுதியை மத்திய அரசு தரும்னு எதிர்பார்ப்பு, அந்த மாநில செனட்டர் வாரன் மேக்னூசன் அதுக்குப் பின்னால நின்னார். ஊர் தன் பங்கைப் போட்டா போதும். ஊர் பங்கு எங்கிருந்து வரும்? பெட்ரோல் வரியைத் தொட முடியாது, 1944 பூட்டு. அதனால சொத்து வரியை ஈடா வச்சுக் கடன் பத்திரம். அப்படிக் கடன் வாங்கணும்னா 60 சதவீத ஓட்டு வேணும். ரயிலுக்குக் கிடைச்சது 50.8 சதவீதம். தோல்வி. விளையாட்டு அரங்கம் ஜெயிச்சது. கிங்டோம்னு அதைக் கட்டி, 2000-ல வெடி வச்சுத் தகர்த்தாங்க. ரயிலைக் கட்டியிருந்தா அதைத் தகர்த்திருக்க மாட்டாங்கன்னு அங்க இருக்கிற நண்பர் ஒருத்தர் இன்னும் புலம்புவார்.

1970-ல மறுபடி கேட்டாங்க. அதுக்குள்ள போயிங் ஆட்களை வீட்டுக்கு அனுப்ப ஆரம்பிச்சிருந்தது. சொத்து வரி ஏறும்னு சொன்னா யார் ஓட்டுப் போடுவா? 46 சதவீதம்தான் வந்தது. சியாட்டிலுக்கு வர வேண்டிய மத்திய பணம் அட்லான்டாவுக்குப் போச்சு.

அட்லான்டா இருக்கிற ஜார்ஜியா மாநிலத்துலயும் பெட்ரோல் வரி சாலைக்கும் பாலத்துக்கும் மட்டும்தான், அதே பூட்டு. ஆனா அங்க 1971-ல ரெண்டு கவுன்ட்டி மக்கள் ஒரு சதவீத விற்பனை வரிக்கு ஒத்துக்கிட்டாங்க. அவங்களும் பக்கத்து ஜன்னல் வழியா உள்ள வந்தவங்கதான். அதுக்கு அவங்க கொடுக்கிற விலை, மாநில அரசு இன்னைக்கு வரைக்கும் அந்த ரயிலை ஓட்டப் பெரிசா கை கொடுக்கிறதில்லை.

சியாட்டில் 1995-ல ஒரு தடவை மறுத்து, 1996-லதான் விற்பனை வரியும் வாகன மதிப்பு மேல ஒரு வரியும் போட ஒத்துக்கிட்டது. அதுக்கப்புறமும் பூட்டு விடலை. ஏரிக்கு நடுவுல ஒரு மிதக்கும் பாலம் இருக்கு. அதுல நடு லேன் ரெண்டையும் ரயிலுக்குக் கொடுக்கத் திட்டம். பெட்ரோல் வரியில கட்டின லேனை ரயிலுக்குக் கொடுக்கிறது அரசியலமைப்புக்கு விரோதம்னு வழக்குப் போட்டாங்க. மாநில உச்ச நீதிமன்றம் 2013-ல அந்த வாதத்தை ஏத்துக்கலை, ரயில் அமைப்பு அந்த லேனுக்கு ஈடு கொடுக்குதுங்கிறதால சரின்னு சொன்னது. கோர்ட்டு சரின்னு சொன்ன அந்தப் பதில்லயே பூட்டோட பலம் தெரியுது பாருங்க: ஊர் மக்கள் ரோட்டு லேனை ரயிலுக்கு எடுக்கணும்னா, அந்த ஊர் மக்களே இன்னொரு பாக்கெட்லேர்ந்து விலை கொடுத்து வாங்கணும். இன்னொண்ணு, அதே மாநிலத்துல படகு சேவைக்குப் பெட்ரோல் வரி போகலாம். தண்ணியில போற படகு நெடுஞ்சாலையோட ஒரு பகுதின்னு சட்டத்துலேயே இருக்கு. ரயில் மட்டும் இல்லை.

பூட்டு லேசா தளர்ந்தா ஊர்களோட ஆசை எவ்வளவு வேகமா மாறுதுன்னு பார்க்க 1973-க்குப் போகணும். அந்த வருஷ மத்திய சாலைச் சட்டத்துல ஒரு புது வழி வந்தது. நகரத்துக்குள்ள ஒரு இன்டர்ஸ்டேட் துண்டு வேண்டாம்னு மாநில ஆளுநரும் உள்ளூர் அரசும் சேர்ந்து சொன்னா, அதுக்கு ஈடான தொகையைப் பொதுப் போக்குவரத்துக்கு வாங்கிக்கலாம். கணக்குப்படி அந்தப் பணம் பொதுக் கஜானாவுலேர்ந்து வந்தது, ஆனா அளவை நிர்ணயிச்சது விட்டுக் கொடுத்த ரோடுதான். போர்ட்லேண்டில் மவுன்ட் ஹூட் ஃப்ரீவேன்னு ஒரு சாலை வர இருந்தது, குடியிருப்புகளை இடிச்சுக்கிட்டு. 1974-ல மாநகர சபை அதைக் கைவிட்டது. அந்த வழியில கிடைச்ச பணம் உதவி, 1986-ல மேக்ஸ் லைட் ரயில் ஓடிச்சு. பாஸ்டன்ல கைவிட்ட நெடுஞ்சாலைத் தடத்துலேயே ஆரஞ்ச் லைன் 1987-ல வந்தது. சாக்ரமென்டோவிலும் அதே வருஷம், அதே வழி. நேத்து வரைக்கும் ரோடு கேட்ட ஊர்கள்தான் இவை. ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே விலைன்னு ஆனதும் தேர்வு மாறிச்சு.

1982-ல ரீகன் காலத்துல மத்திய வரி நாலு சென்ட்லேர்ந்து ஒன்பது ஆச்சு. கூட்டின அஞ்சுல ஒரு சென்ட்டைப் பொதுப் போக்குவரத்துக்குன்னு அதே உண்டியலுக்குள்ள ஒரு அறை கட்டிப் போட்டாங்க. 1993-ல மொத்த வரி 18.4 சென்ட் ஆச்சு, அதுல பொதுப் போக்குவரத்துக்கு 2.86-ன்னு ஆனது 1997-ல.

1993-ல வச்ச அந்த 18.4 சென்ட் இன்னைக்கும் 18.4 சென்ட்தான். விலைவாசி ரெண்டு மடங்கு ஏறியாச்சு, கார்கள் குறைஞ்ச பெட்ரோல்ல ஓடுது, சிலது பெட்ரோலே போடுறதில்லை. 2008-ல நெடுஞ்சாலை உண்டியல் காலியாக, பொதுக் கஜானாவுலேர்ந்து அள்ளிப் போட ஆரம்பிச்சாங்க. 2021 உள்கட்டமைப்புச் சட்டத்துல மட்டும் 11,800 கோடி டாலர் அப்படிப் போனது, அதுல 9,000 கோடி நெடுஞ்சாலைக் கணக்குக்கு.

கோயம்புத்தூர் நண்பருக்கு இங்கதான் பதில் சொல்லணும்னு நினைக்கிறேன். "பெட்ரோல் போடுறவன் பணம் ரோட்டுக்கு"ங்கிறது கேட்க நியாயமா இருக்கு. ஆனா அமெரிக்காவுல பதினஞ்சு வருஷத்துக்கு மேலா பெட்ரோல் போடாதவனோட பணமும் ரோட்டுக்குப் போகுது, அதுக்கு யாரும் ஓட்டுக் கேட்கலை. ரயிலுக்கு மட்டும் ஒவ்வொரு ஊர்லயும் தேர்தல்ல நிக்கச் சொல்றாங்க. எனக்கு உறுத்துறது அந்த வித்தியாசம்தான். அதுக்காகப் பெட்ரோல் வரியை அப்படியே ரயிலுக்கு அள்ளிக் கொடுக்கணும்னும் நான் சொல்ல மாட்டேன். ரயில் நல்லா ஓடி, ஜனங்க காரை வீட்ல விட்டா, ரயிலுக்கு வர்ற பணமே குறையும். அது நிரந்தரமான வருமானம் இல்லை.

பக்கத்து ஜன்னல்னு சொன்னேனே, விற்பனை வரி, அதுலயும் சிக்கல் இருக்கு. 1987-ல எங்க கவுன்ட்டி மக்கள் டாலருக்கு அரை சென்ட் விற்பனை வரிக்கு ஒத்துக்கிட்டாங்க. மூணுல ஒரு பங்கு பொதுப் போக்குவரத்துக்கு, ஒரு பங்கு நெடுஞ்சாலைக்கு, ஒரு பங்கு ஊர்த் தெருக்களுக்கு. 2004-ல நாற்பது வருஷத்துக்கு நீட்டினாங்க. 2021 நவம்பர்ல பல்கலைக்கழகம் வரைக்கும் டிராலி நீண்டதுக்குப் பாதிப் பணம் அதுதான், மீதிப் பாதியை மத்திய அரசு தந்தது. ரொம்ப நல்லது. ஆனா கார் வச்சிருக்காத ஒரு அம்மா தன் பையனுக்குச் சட்டை வாங்கினா அரை சென்ட் கட்டுறாங்க. எலெக்ட்ரிக் கார்ல ஃப்ரீவேயைச் சும்மா பயன்படுத்துறவர் பெட்ரோல் வரி ஒண்ணும் கட்டுறதில்லை, கலிஃபோர்னியாவுல பதிவுக் கட்டணத்தோட வருஷத்துக்கு ஒரு தொகை வாங்குறாங்க, அவ்வளவுதான். இன்னும் அரை சென்ட் கூட்டலாமான்னு 2016-ல கேட்டப்போ 58 சதவீதம் பேர் ஆதரவு. ஆனா கலிஃபோர்னியாவுல குறிப்பிட்ட செலவுக்கு அரசு அமைப்பு வரி கேட்டா மூணுல ரெண்டு பங்கு வேணும். ஆக, 58 சதவீதம் வாங்கியும் தோல்வி. 1968 சியாட்டில் மாதிரியே.

கடைசியா ஒண்ணு. பெட்ரோல் வரி வத்திப் போகுதுன்னு தெரிஞ்சு, எங்க பகுதியோட திட்ட அமைப்பு, பதினெட்டு நகரங்களும் கவுன்ட்டியும் சேர்ந்தது, 2021 டிசம்பர்ல ஒரு நீண்ட காலத் திட்டத்தை ஏத்துக்கிச்சு. நிறைய ரயில், நிறைய பஸ். பணத்துக்கு ஒரு வழி, காரோட்டுற ஒவ்வொரு மைலுக்கும் சில சென்ட் கட்டணம். பெட்ரோல் கார், எலெக்ட்ரிக் கார் எதுவா இருந்தாலும். பொருளாதாரம் படிச்சவங்க ரொம்ப காலமா சொல்ற வழி அது. திட்டத்துக்கு ஓட்டுப் போட்ட கூட்டத்துலேயே அந்தக் கட்டணம் மட்டும் வேண்டாம்னு பேச ஆரம்பிச்சாங்க. தூரத்து ஊர் மேயர்கள், "எங்க ஆட்கள் தினமும் நாற்பது மைல் ஓட்டி வேலைக்குப் போறாங்க, அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வியிலயும் நியாயம் இருக்கு, அந்த ஊர்களுக்கு இன்னும் டிராலி போகலையே. 2023-ல திட்டத்தைத் திருத்தி மைல் கட்டணத்தை எடுத்துட்டாங்க.

அடுத்த எபிசோடுல இந்த மைல் கட்டணத்தைச் சோதனையா நடத்திப் பார்த்த ஆரிகன் மாநிலத்தைப் பற்றிப் பேசலாம்னு இருக்கேன். முதல் பெட்ரோல் வரியைப் போட்ட அதே ஊர். கேள்வி இருந்தா குரல் பதிவாவே அனுப்புங்க, தட்டச்சு வேண்டாம்.